வலது என்று நான் சொல்லவில்லை

நான் நன்றாகத் தூங்கினேன், மேடம். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் வீரர்களின் சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டேன். வரிசையில் பின்னால் நின்ற நீச்சல்காரப் பெண் என் தோளைத் தொட்டு, "மனச விட்டுறாதீங்கக்கா" என்றாள். சரி என்றேன். நல்ல பெண். அவளுக்கு இன்று மதியம் போட்டி, என்னோடு பேசிக்கொண்டு நின்றதில் அவள் சாப்பாடு ஆறிப்போனது.

அறிக்கையில் கையெழுத்து வாங்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். அணியோடு வந்த விசாரணை அதிகாரி என்ற முறையில் ஐந்து பேரிடம் பேசி நான்கே பக்கத்தில் முடித்திருக்கிறீர்கள். எழுத்துப்பிழைகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் வரும் ஒரு வரிதான் எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. 'பின்னால் நின்ற மூத்தவர் வலது என்று சரியாகக் குரல் கொடுத்தும், முன்னால் நின்ற இளையவர் திரும்பிப் பார்த்தது அடிப்படைத் தவறு.' கோச் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. என் தங்கை அடிப்படைத் தவறு செய்கிறவள் இல்லை. அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது நான்.

உங்களுக்கு பேட்மிண்டன் அவ்வளவு பழக்கமில்லை என்று முதல் நாளே சொன்னீர்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். இரட்டையர் ஆட்டத்தில் தாக்கும்போது ஒருத்தி வலையை ஒட்டி முன்னால் நிற்பாள், இன்னொருத்தி பின்னால் நின்று மேலிருந்து ஓங்கி ஸ்மாஷ் அடிப்பாள். அந்த ஷட்டில் முன்னால் நிற்பவளின் காதை உரசுகிற மாதிரிதான் போகும். நம் ஊரில் எந்த ரயிலும் அந்த வேகத்தில் ஓடிப் பார்த்ததில்லை. அதனால் முன்னால் நிற்பவளுக்கு ஒரே ஒரு சட்டம், திரும்பக் கூடாது. மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிராளியை மட்டும் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கூரையே இடிந்து விழுந்தாலும் பார்வை வலையைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். மீதியைப் பின்னால் நிற்பவள் குரலில் சொல்லுவாள்.

நாங்கள் நான்கே வார்த்தைகள் வைத்திருந்தோம். விடு, எடு, போ, என்னுது. வலது என்ற சொல்லை நாங்கள் கோர்ட்டில் சொன்னதே கிடையாது. வலதா இடதா என்று யோசிக்கிற நேரத்தில் ஷட்டில் தரையில் கிடக்கும். கோச்சுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, காதும் கொஞ்சம் மந்தம், அவரை விடுங்கள்.

நான் சொன்னது 'வாலு'. அவர் காதில் அது வலது என்று விழுந்திருக்கிறது.

வாலு என்பது அவளுடைய வீட்டுப் பெயர். அம்மா போனபோது எனக்குப் பதினோரு வயது, அவளுக்கு மூன்று. அப்பா ஒரு விளையாட்டு அரங்கில் பராமரிப்பு வேலை பார்த்தார். தரையைத் துடைப்பது, வலையைக் கட்டுவது, எரியாத விளக்கை மாற்றுவது. வீட்டில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் எங்கே போனாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். குறும்பும் அதிகம். இரண்டுக்கும் சேர்த்து அப்பா வைத்த பெயர் அது. அவளுக்குத் தலை வாரியது, பல் தேய்த்துவிட்டது, மூக்கைச் சிந்திவிட்டது எல்லாம் நான். மட்டையைக் கையில் கொடுத்ததும் நான்தான். அவளைப் பெறவில்லையே தவிர வேறு குறை ஒன்றும் வைக்கவில்லை.

அவளுக்குப் பதினோரு வயதில் நாங்கள் சேர்ந்து ஆடிய முதல் போட்டி. நான் பின்னால், அவள் முன்னால். பதற்றத்தில், "வாலு, பாத்து" என்று கத்திவிட்டேன். வீட்டில் கூப்பிட்டால் எப்படித் திரும்புவாளோ அப்படியே திரும்பினாள். என் ஷட்டில் அவள் புருவத்துக்கு மேலே பட்டது. மூன்று தையல். அன்று நான் அழுத மாதிரி அம்மா போனபோதுகூட அழவில்லை, மேடம். அன்றைக்கே இரண்டு சட்டம் போட்டேன். கோர்ட்டுக்குள் வீட்டுப் பெயர் கிடையாது. ஆடும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். பதினான்கு வருடம் இரண்டையும் கட்டிக் காத்தேன். மீற வேண்டிய தேவை வரவில்லை.

இந்த விளையாட்டு விழாவுக்கு நாங்கள் வந்து இறங்கிய மூன்றாம் நாள், மட்டைக்கு நரம்பு கட்டுபவரிடம் போயிருந்தேன். அரங்கத்துக்குப் பின்பக்கம் வரிசையாக மேசை போட்டு இயந்திரங்களை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கள் மட்டைகளை எட்டு வருடமாக அவர்தான் கட்டுகிறார். பின்னால் ஆடும் எனக்கு இறுக்கமாகவும், முன்னால் ஆடும் அவளுக்குக் கொஞ்சம் தளர்வாகவும் கட்டுவார். அன்று என் மட்டையைக் கொடுத்துவிட்டு, "தங்கச்சியோடதுல ரெண்ட தனியா வெச்சிருக்கேன், உங்களோடத விட இறுக்கமா கேட்டிருக்காங்க" என்றார். தப்பாகச் சொல்லியிருப்பாள் என்றேன். "இல்ல, ரெண்டு தடவ கேட்டுட்டேனே. ஊருக்குப் போனதும் பின்னாடி ஆடப்போறாங்களாமே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." அவர் முகம் செத்துப்போனது. பாவம், அவர் மேல் தவறில்லை.

துணி துவைக்கும் அறையில் அவளைப் பிடித்தேன். எங்கள் இருவரின் சட்டைகளையும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னுடையதை மேலே வைத்திருந்தாள்.

"அக்கா, கோவப்படாத. ஜோடிய மாத்தணும்னு கோச் ஆறு மாசமா சொல்லிட்டே இருக்காரு. போட்டி முடியட்டும், நானே சொல்லிக்கறேன்னு நான்தான் தள்ளிப்போட்டேன்."

"யாரு கூட, நம்ம டீம்ல இருக்கற அந்த எடதுகைப் பொண்ணா?"

"ம். அவ முன்னாடி, நான் பின்னாடி."

"பின்னாடி ஆட ஒனக்குத் தோள் பத்தாது."

"இதையே இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "மொத்த கோர்ட்டையும் பாத்து ஆடணும்னு எனக்கும் இருக்காதா? முன்னாடி நிக்கிறவளுக்குத் தனக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாதுக்கா."

"ஒனக்குப் பின்னாடி நான்தானே நிக்கறேன்."

"அதான்" என்றாள்.

அந்த 'அதான்' எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை. களைப்பில் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு அவளோடு அறைக்கு நடந்தேன். வழியில் என்னவோ சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள், நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, மேடம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. முட்டி தேய்ந்துவிட்டது. இனி நான் ஆடப்போவது இரண்டு வருடமோ மூன்று வருடமோ. அவள் நல்லா இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அவள் நல்லா இருந்தது நான் பக்கத்தில் இருந்ததால்தான். கணக்கு நேராகத்தானே இருக்கிறது.

மறுநாள் அணி டாக்டர் என் முட்டிக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று கேட்டேன். ஒரு கண் மட்டும் இருக்கிறவர்களால் இந்த ஆட்டம் ஆட முடியுமா. அவர் யோசித்து, "கிட்டத்துல வர்றத ஓரளவு சமாளிச்சிரலாம். ஒசரத்துலேர்ந்து எறங்குற ஷட்டில் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கணிக்கத்தான் ரெண்டு கண்ணும் வேணும்" என்றார். யாருக்கு என்று கேட்டார். தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். கிட்டத்தில் வருவது என்றால் வலையோரம், முன்னால். உயரத்திலிருந்து இறங்குவது என்றால் பின்னால். ஒரு கண் போனாலும் அவளால் முன்னால் நிற்க முடியும், பின்னால்தான் முடியாது. எனக்கு மனசு லேசானது. அதுவரைக்கும் அவள் ஆட்டத்தையே விட வேண்டியதாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சாதாரணப் பயிற்சிதான். வலையிலிருந்து மூன்றடி பின்னால் ஒரு கம்பத்தை நிறுத்தி, அவள் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு கைத்துண்டைக் கட்டினேன். பின்கோட்டிலிருந்து அதை அடித்துப் பழகினேன். முதல் நாள் பத்தில் மூன்றுதான் பட்டது. ஆறாம் நாள் எட்டு. கோச் மற்றப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த வயசுல எப்டி ஒழைக்கறாங்க பாருங்க, நீங்கல்லாம் ஃபோன நோண்டிட்டு ஒக்காந்திருங்க" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். வாலுதான் பலமாகத் தட்டினாள்.

நடைவழியில், பேருந்தில், சாப்பாட்டுக்கூடத்தில் என்று பின்னாலிருந்து அவளை அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இடது தோள் வழியாகத்தான் திரும்பினாள். கையில் தட்டு இருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் உடனே திரும்பினாள். "என்னக்கா?" என்பாள். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பேன். எனக்கு அதில் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவ்வளவு பாசமாகத் திரும்புகிறவள் எப்படி என்னை விட்டுவிட்டுப் போக நினைத்தாள் என்று ஆச்சரியமாகவும் இருந்தது. பயிற்சியில் மட்டும் கூப்பிடவே இல்லை.

பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று அவள் பல வருடங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் நழுவுகிறது, பனி மூடியது போல் ஆகிவிடுகிறது, வலையோரம் ஷட்டில் தாமதமாகத் தெரிகிறது என்று ஆயிரம் புகார். நான் விட்டதே இல்லை. அரையிறுதி அன்று காலை அவள் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது, "இன்னைக்குக் கழட்டிக்கோ" என்றேன்.

"நெஜமாவா?"

"நீ என்ன இன்னும் சின்னக் கொழந்தையா?"

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு ஷூ போட்டும் ஒரு ஷூ போடாமலும் நொண்டி நொண்டி வந்தாள். "நீ என்னப் புரிஞ்சுக்கவே மாட்டியோன்னு நெனச்சேன்க்கா" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் கண்ணீர் என் சட்டையில் ஈரமாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. நீங்கள் எழுதுவதானால் இதையும் எழுத வேண்டும். அந்த நேரத்தில், போட்டி முடிந்தும் நாம் ஒன்றாகவே ஆடலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொன்னது, "அவளும் நல்லவதாங்க்கா, ஒனக்குப் பிடிக்கும்."

முதல் இரண்டு செட்டில் எத்தனையோ வாய்ப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ரசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாமல் அவள் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதிராளிகள் இருவரும் திணறினார்கள். ஒரு செட் அவர்கள், ஒரு செட் நாங்கள். மூன்றாவதில் பதினேழுக்குப் பதினான்கு என்று நாங்கள் முன்னிலை. இன்னும் நான்கு புள்ளி எடுத்தால் இறுதிப் போட்டி. அப்போது வாலு என்னிடம் வந்து, மட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, ஒனக்கு மூச்சு வாங்குது. நீ முன்னாடி வந்துரு, கொஞ்ச நேரம் பின்னாடி நான் பாத்துக்கறேன்."

அக்கறையில்தான் சொன்னாள். அவள் குரலில் துளி கர்வம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நானே முட்டி தேய்ந்த கிழவி, என்னை அவள் பார்த்துக்கொள்கிறாளாம். நான் நல்லாத்தான் இருக்கேன், நீ ஒன் எடத்துல நில்லு என்றேன். சரிக்கா என்று போய் நின்றாள். மட்டையைத் தூக்கினாள். பின்கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைத்துவிடத் தோன்றியது.

ஐந்தாவது அடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து உயரமாக ஒன்றைத் தூக்கிவிட்டார்கள். அது இறங்கி வர நேரம் எடுத்தது. நான் அதன் கீழே போய் நின்று, இரண்டு காலையும் ஊன்றி, எழும்பும்போது கூப்பிட்டேன். கத்தவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டேன். வாலு. அரங்கத்தில் கூச்சல், நடுவருக்கு நம் மொழி தெரியாது, எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோச்சுக்கோ காது சரியில்லை. அவள் இடது தோள் வழியாகத் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. 'என்னக்கா?' என்று கேட்கிற முகம்தான். அரை நொடி பொறுத்து, அடித்தேன்.

அவள் மட்டையைக் கீழே போடவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தியபோதும் வலது கையில் மட்டை இருந்தது. எத்தனை பேருக்கு அந்தப் பயிற்சி வரும்? அவளை அப்படி வளர்த்தது நான். அதனால்தான் அந்த மூன்றாம் பக்கத்து வரி எனக்குப் பொறுக்கவில்லை. அவள் திரும்பியது தவறே இல்லை. வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பத்தான் வேண்டும். கூப்பிட்டது நான், கூப்பிட்டால் திரும்புவாள் என்று தெரிந்து கூப்பிட்டது நான், திரும்பிய பிறகு குறி பார்த்து அடித்ததும் நான். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டாம் பக்கத்தில் அவளுடைய வாக்குமூலத்தையும் படித்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் திரும்பினேன் என்று சொல்லியிருக்கிறாள். கோச் ஒரு குரல் கேட்டது என்கிறார், அவள் குரலே இல்லை என்கிறாள். இரண்டும் இடிப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. "எதுக்குக்கா கூப்ட்ட?" என்று கேட்டாள். "கூப்டணும்னு தோணுச்சுடி" என்றேன். பிறகு தண்ணீர் வேண்டும் என்றாள், குடித்துவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆக, அவள் காதில் விழுந்திருக்கிறது. தெரிந்தே உங்களிடம் மறைத்திருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. என் மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் தேறி மட்டை பிடிக்க ஆறு மாதமாவது ஆகும். எனக்கும் நீங்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆட்டத்தடை போடுவீர்கள். அது நல்லதுதான், அந்த நேரத்தில் நான் அவள் கூடவே இருந்து வலையோரம் நிற்கப் பழக்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்து ஆரம்பிப்பது போலத்தான். இடது பக்கம் தெரியாததால் படியில் தடுக்கும், டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே போகும். யாராவது ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடதுகைப் பெண்ணுக்கு அந்தப் பொறுமையெல்லாம் வராது.

உங்களிடம் ஒரு சின்ன உதவி கேட்கலாமா? நான்கு மணிக்கு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். மூன்று நாளாக வாசலில் இருக்கும் பெண் என்னை உள்ளே விடவில்லை. யாரையெல்லாம் விடலாம் என்று நோயாளியே எழுதிக்கொடுத்த தாள் அவளிடம் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன், வாலுவின் கையெழுத்துதான், கோணல்மாணலாக இருக்கிறது. அப்பா பெயர் இருக்கிறது, கோச், நரம்பு கட்டுபவர், அந்த இடதுகைப் பெண், ஏன், நீங்கள்கூட இருக்கிறீர்கள். என் பெயர் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், மேடம். ஒற்றைக் கண்ணால் பார்த்து எழுதும்போது ஒரு வரி விட்டுப்போவது சகஜம்தானே.